பட்டுப்புழுவின் குடலில் பாஸ்டர் கண்டது

லூயி பாஸ்டர் என்றதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியே நினைவுக்கு வரும். 1865 முதல் ஐந்தாண்டுகள் அவர் பட்டுப்புழுக்களோடு போராடியது அதிகம் பேசப்படுவதில்லை. நோய்க்குக் கிருமி ஒன்றே காரணம் என்று அவர் நம்பியதாகக் கூறுவோர் அறிய வேண்டிய ஆண்டுகள் அவை.

1822-இல் பிரான்ஸின் டோல் நகரில் தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்த பாஸ்டர், அடிப்படையில் வேதியியலாளர். 1853-இல் 2.6 கோடி கிலோ பட்டுக்கூடு விளைந்த பிரான்ஸில் 1865-இல் 40 லட்சம் கிலோகூட அரிதாயிற்று. ஆசான் துமாவின் வேண்டுகோளை ஏற்று அவர் தெற்கே அலெஸ் நகருக்குச் சென்றார். அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டறியாதவர் அவர்.

புழுவின் மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும் பெப்ரின் நோயே முதலில் அவர் கண்ணில் பட்டது. அது ஒட்டுண்ணியால் வருவது என்று பெஷாம்ப் முன்பே கூறியிருந்தார். பாஸ்டர் அதை ஏற்க ஈராண்டுகள் ஆயின. பெஷாம்புக்கு உரிய பெருமையைத் தரவும் அவருக்கு மனம் வரவில்லை. ஆனால், முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் சோதித்து, நோயற்றதன் முட்டைகளை மட்டும் வளர்க்கும் அவரது முறை இந்தியாவிலும் இன்றுவரை நடைமுறையில் உள்ளது.

சிக்கல் அதோடு தீரவில்லை. பெப்ரின் இல்லாத புழுக்களும் துவண்டு, கறுத்து, அழுகி மடிந்தன. இது பிளாச்சரி என்னும் வேறு நோய். அவற்றின் குடலைத் திறந்தபோது, புளித்துப்போன மல்பெரி இலையில் பெருகும் அதே நுண்ணுயிரிகள் சங்கிலி சங்கிலியாய்க் காணப்பட்டன. அவை இலையோடு எல்லாப் புழுக்களின் வயிற்றுக்குள்ளும் செல்லக்கூடியவைதாம். செரிமானம் சீராக உள்ள புழுவில் அவை பெருகுவதில்லை. ஈர இலை, புழுக்கம், நெரிசல், பிறவிப் பலவீனம் ஆகியவை சேர்ந்தால் பெருகிக் கொல்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். கிருமியைப் போலவே அது விழும் நிலமும் முக்கியம் என்பதை அவருக்குக் கற்றுத்தந்தது புழுவின் குடல்தான்.

பிளாச்சரியைப் பல வேளைகளில் தொடங்கிவைப்பது ஒரு வைரஸ் என்பதும், பாக்டீரியா அதன் பின்னே பெருகுகிறது என்பதும் பின்னர் தெரியவந்தன. பாஸ்டரின் கருவிகளுக்கு வைரஸ் எட்டாது. இலையின் பச்சையத்தைக் கொண்டு புழுவின் குடலில் உருவாகும் சிவப்புப் புரதம் வைரஸை எதிர்க்கிறது என்றும் இப்போது அறிகிறோம். உணவே காவலாகும் இந்தச் செய்தி அவரை மகிழ்வித்திருக்கும்.

இந்த ஆய்வுக்கு நடுவே 1865-இல் தந்தையையும் இரண்டு வயது மகளையும் இழந்தார். மறு ஆண்டு 12 வயது மகள் செசிலைக் குடற்காய்ச்சல் கொண்டுபோயிற்று. 1868 அக்டோபரில் பக்கவாதம் அவரது இடப்பக்கத்தை முடக்கியது. ஒரு வாரத்துக்குள், பிளாச்சரிக்கு ஆளாகக்கூடிய முட்டைகளை முன்கூட்டியே அறியும் வழியைப் படுக்கையிலிருந்தபடியே உதவியாளரை எழுதிக்கொள்ளச் செய்தார். அடுத்த சில மாதங்களிலேயே மீண்டும் தெற்கே புழு வளர்ப்போரிடம் பயணமானார். 1870-இல் பட்டுப்புழு நூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1895-இல் மறையும்வரை அவரது இடக்கை முழுமையாகத் தேறவில்லை.