மீட்கப்பட்டது எதற்காக? – வீரமாமுனிவரின் வாழ்வு

இறைவன் நம்மை எதற்காக மீட்டார்? ஞானோபதேச வகுப்பில் இவ்வினா எழுந்தால், நரகத்திற்குத் தப்பி மோட்சம் சேர்வதற்காக என்று உடனே விடை கூறிவிடுகிறோம். விடை தவறன்று, ஆனால் பாதி விடையே. மறு பாதியைக் கற்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மீன்சுருட்டி இருக்கும் இதே அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் ஏலாக்குறிச்சி உள்ளது. அங்கே அடைக்கல அன்னையின் நிழலில் வாழ்ந்த வீரமாமுனிவரின் வாழ்வே நமக்குப் பாடமாகும்.

இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் 1710-இல் கோவா வந்திறங்கி, அடுத்த ஆண்டே மதுரை மறைத்தளத்தை அடைந்தார். காவியுடை பூண்டார், புலால் மறுத்தார், தைரியநாதர் எனப் பெயர் கொண்டார். பிற்காலத்தில் தமிழுலகம் அவரை வீரமாமுனிவர் என்று போற்றியது.

வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1714, 1715-ஆம் ஆண்டுகளில் நெல்லைச் சீமையின் குருக்கள்பட்டியில் பகைவரால் சிறைப்பட்டார். மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. அது நிறைவேறாமல் மயிரிழையில் உயிர் தப்பினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சாவின் வாயிலிலிருந்து திரும்பிய ஒருவர், போதும் இந்த ஊர் என்று தாய்நாட்டுக்குக் கப்பலேறியிருக்கலாம். குறை சொல்வார் எவருமிலர். அவரோ திரும்பக் கிடைத்த உயிரை எவரிடையே இழக்க இருந்தாரோ அவர்களுக்கே ஈந்தார். அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேல் அவர் செய்த பணியை எண்ணிப் பாருங்கள்.

ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கே கோயில் கொண்ட அன்னையைத் திருக்காவலூர்க் கலம்பகத்தால் பாடினார். அரியலூர்ச் சிற்றரசரின் தீராத பிளவை நோய் முனிவரின் வேண்டுதலால் நீங்கியதென்றும், அவர் நன்றியாகக் கோயிலுக்கு நிலம் அளித்தாரென்றும் நம் பகுதி மக்கள் வழிவழியாகக் கூறுகின்றனர். உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கம் எழுதினார். தமிழ் கற்போருக்காகத் தொன்னூல் விளக்கமும், 1732-இல் சதுரகராதியும் தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். பெண்கள் பாடி மகிழும் அம்மானை வடிவில் வேதசாட்சியான கித்தேரியம்மாளின் வரலாற்றை இயற்றினார். கற்றோர்க்கு மட்டுமன்றி எளியோர்க்கும் சிறுவர்க்கும் பரமார்த்த குருவின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

இவையனைத்துக்கும் மேலானது 1726-இல் நிறைவுற்ற தேம்பாவணி. மூன்று காண்டங்கள், முப்பத்தாறு படலங்கள், 3615 பாடல்கள். பாட்டுடைத் தலைவர் புனித சூசையப்பர். முனிவர் அவருக்கு இட்ட தமிழ்ப் பெயர் வளன். அக்காப்பியத்தில் ஒரு நிகழ்ச்சி நம் வினாவுக்கே விடையாக அமைகிறது. சிறுவனான வளன் உலகைத் துறந்து காட்டுக்குத் தவம் செய்யப் புறப்படுகிறான். வழியில் முனிவர் வேடத்தில் வந்த வானவர் அவனைத் தடுத்து, ஊருக்குத் திரும்பி மக்களிடையே வாழ்ந்து அறம் செய்வதே மேலான தவம் என்று உணர்த்துகிறார். வளனும் திரும்புகிறான். அப்படித் திரும்பியவனுக்கே திருக்குடும்பத்தைக் காக்கும் பேறு வாய்க்கிறது. காப்பியத்தின் இறுதியில் விண்ணக முடியும் கிடைக்கிறது.

பாவத்திலிருந்து விடுதலை பெறுவது மீட்பின் வாயில். வாயிலைக் கடந்தவன் அங்கேயே நின்றுவிடலாகாது. இறைவனின் பிள்ளையாக வாழ்ந்து, அவர் அன்பில் வளர்ந்து, அவ்வன்பைப் பிறருக்கும் அளித்து, முடிவில் அவரோடு என்றென்றும் இருப்பதற்காகவே கிறிஸ்துநாதர் சிலுவையில் உயிர் கொடுத்தார். இதுவே திருச்சபை நமக்குப் போதிப்பது. வீரமாமுனிவர் இதைக் காவியத்தில் பாடியதோடு நில்லாமல் வாழ்ந்தும் காட்டினார். 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்து அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

அன்புத் தோழியரே, நம்மில் எத்தனையோ பேர் கொடிய காய்ச்சலிலிருந்து பிழைத்திருக்கிறோம், விபத்துக்குத் தப்பியிருக்கிறோம். அப்போது பெற்றோர் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி நன்றி கூறினர். அத்துடன் நாமும் ஒன்று கேட்டுக்கொள்வோம்: காப்பாற்றப்பட்ட இந்த உயிர் யாருக்குப் பயன்படப் போகிறது? வீட்டில் தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லித் தருவதிலும், வகுப்பில் பின்தங்கிய தோழிக்குக் கைகொடுப்பதிலும் அதற்கான விடையைத் தொடங்கலாம். அடுத்த முறை ஏலாக்குறிச்சித் திருத்தலத்துக்குச் செல்லும்போது, அடைக்கலம் கேட்பதோடு, பிறருக்கு அடைக்கலமாகும் வரத்தையும் அன்னையிடம் கேட்போமாக.