ஸ்டேட் வீதியில் ஒரு வாசிப்பு அறை

ஐடா பி. வெல்ஸை நான் நெடுங்காலம் ஒரு பத்திரிகையாளராக மட்டுமே அறிந்திருந்தேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையினக் கும்பல்கள் கறுப்பின மக்களைக் கொன்றதை விசாரித்து எழுதியவர் என்பதே அவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது. அவருடைய சுயசரிதையைப் படித்தபோது என் மனதில் தங்கியதோ வேறொரு பகுதி. ஐம்பதை நெருங்கும் வயதில் சிக்காகோவில் அவர் திறந்த ஒரு வாசிப்பு அறையின் கதை அது.

1862இல் மிசிசிப்பியில் அடிமைகளின் பிள்ளையாகப் பிறந்தவர் ஐடா. 1878இல் மஞ்சள் காய்ச்சல் பெற்றோரைக் கொண்டுபோனது. தம்பி தங்கைகளைக் காப்பாற்ற 16 வயதிலேயே ஆசிரியையானார். பின்னர் மெம்பிஸ் நகரில் பத்திரிகை நடத்தினார். அங்கே அவருடைய நண்பர் தோமஸ் மொஸ் சிலருடன் சேர்ந்து ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். வியாபாரம் நன்றாக நடந்தது. அருகிலிருந்த வெள்ளையினக் கடைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. 1892 மார்ச்சில் ஒரு மோதலைச் சாட்டாக வைத்து மொஸ்ஸும் இன்னும் இருவரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஒரு கும்பல் அவர்களை இரவில் வெளியே இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. குற்றவாளிகள் என்று ஊர் சொன்ன மூவரின் உண்மையான குற்றம் நன்றாகக் கடை நடத்தியதுதான் என்பதை ஐடா கண்டுகொண்டார். ஊரை விட்டு வெளியேறும்படி தன் மக்களுக்கு எழுதினார். ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். சில வாரங்களில் அவருடைய அச்சகமும் அடித்து நொறுக்கப்பட்டது.

சிக்காகோவில் குடியேறி, 1895இல் வழக்கறிஞர் ஃபெர்டினண்ட் பார்னெட்டை மணந்தார். தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின இளைஞர்கள் அந்நகரில் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தார். ஒரு விருந்துக் கூட்டத்தில், மக்கள்தொகையில் கறுப்பினத்தவரின் பங்கை விடக் குற்றங்களில் அவர்களின் பங்கு அதிகம் என்று ஒருவர் பேசினார். ஐடா எழுந்து பதிலளித்தார். எண்ணிக்கையைப் பற்றி அவர் வாதாடவில்லை. புதிதாக வரும் கறுப்பின இளைஞனுக்கு வை.எம்.சி.ஏ. விடுதியில் இடமில்லை, சூதாட்ட இடங்களும் மதுக்கடைகளும்தான் அவனை உள்ளே விடுகின்றன என்று விளக்கினார். பத்திரிகை அதிபர் விக்டர் லோசன் தம்பதியர் வை.எம்.சி.ஏ.க்குப் பெருந்தொகை கொடுத்து வந்தவர்கள். அந்தக் கதவு நிறம் பார்த்தே திறக்கிறது என்பது அவர்களுக்குப் புதிய செய்தி. ஐடாவுக்கு உதவ முன்வந்தார்கள்.

1910இல், மதுக்கடைகள் நெருங்கி நின்ற ஸ்டேட் வீதியிலேயே அறை திறக்கப்பட்டது. கீழே பத்திரிகைகளும் புத்தகங்களும். மேலே குறைந்த வாடகைக்குப் படுக்கைகள். வேலை தேடித் தரும் ஒரு மேசை. வசதியான கறுப்பினத்தவர் சிலர் அந்த வீதிக்கு வரவே கூச்சப்பட்டார்கள். இனப் பாகுபாட்டுக்குள் வர்க்கமும் இப்படித்தான் ஒளிந்திருக்கிறது.

அதே ஆண்டில் ஸ்டீவ் கிரீன் என்பவர் ஆர்கன்சாஸிலிருந்து தப்பி வந்தார். தன்னைச் சுட்ட நில உரிமையாளரைத் திருப்பிச் சுட்டுக் கொன்றிருந்தார். சிக்காகோ பொலிஸார் பிடித்துத் தெற்கே அனுப்பினார்கள்; அங்கே அவருக்குக் காத்திருந்தது கும்பல். ஐடாவும் வழக்கறிஞர்களும் விரைந்து செயற்பட, இல்லினோய் எல்லையைத் தாண்டுமுன் கெய்ரோ நகரில் அவர் ரயிலிலிருந்து இறக்கப்பட்டார். பின்னர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

லோசனின் உதவி சில ஆண்டுகளில் நின்றது. 1913இல் ஐடா நகர நீதிமன்றத்தின் நன்னடத்தை உத்தியோகத்தரானார். மாதச் சம்பளம் 150 டொலர். அறையின் வாடகைக்கு அந்தப் பணம் போனது. தன் பொறுப்பில் விடப்பட்டவர்களை நீதிமன்றத்துக்கு அலைக்கழிக்காமல் அந்த அறைக்கே வரச் சொன்னார். கையெழுத்திட வந்தவன் வேலை விளம்பரத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம். எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான். நகர நிர்வாகம் மாறியபின் அந்தப் பதவி பறிபோனது. 1920இல் அறையும் மூடப்பட்டது. 1931இல் ஐடா இறந்தார். சுயசரிதை ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோயிருந்தது.

1941இல் சிக்காகோவின் தென்பகுதியில் கறுப்பினக் குடும்பங்களுக்கென அரசு கட்டிய குடியிருப்புக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள். ஆரம்பத்தில் அங்கு வீடு கிடைப்பது பெருமை. பிறகு பராமரிப்பு கைவிடப்பட்டது, வேலைகள் போயின, போதைப்பொருளும் துப்பாக்கியும் வந்தன. கடைசியில் எல்லாக் கட்டடங்களையும் இடித்தார்கள். 2021இல் அந்த நிலத்தில் ஐடாவுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.