மின்னோட்டம் அளந்த ஆம்பியர்

வோல்ட், ஓம், ஆம்பியர் என்னும் சொற்கள் பௌதிக வகுப்பிலும் பட்டறையிலும் நாள்தோறும் வழங்கி வருகின்றன. இவை மூன்றும் மூன்று பெரியோரின் பெயர்கள் என்பதை நினைப்பவர் சிலரே. அவருள் ஆம்பியர் என்பவர் நம் திருச்சிராப்பள்ளித் தெருக்களுக்கும் அயலார் அல்லர். பழைய என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக் கூட்டின்மேல், வேகமானிக்கு அருகே, சிறு வட்டக் கருவி ஒன்று இருக்கக் காணலாம். நடுவில் சுழியும், ஒருபுறம் கூட்டற் குறியும், மறுபுறம் கழித்தற் குறியும், அவற்றிடையே அசையும் ஒரு முள்ளும் உடைய அதனை அம்மீட்டர் என்பர். 1955-இல் சென்னையில் தொழில் தொடங்கித் திருவொற்றியூரில் வளர்ந்த அந்நிறுவனத்தின் பழைய வண்டிகளுக்கு அம்முள் ஓர் அடையாளமாகவே இருந்தது. பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் அது இல்லை. ஆதலின் இளைஞர் சிலர் கடையில் அம்மீட்டரையோ வோல்ட்மீட்டரையோ தனியே வாங்கித் தம் வண்டியிற் பொருத்திக்கொள்ள விழைகின்றனர். அம்முள் இன்னதென அறிந்து பொருத்துவோர்க்கு அது கருவி, அறியாது பொருத்துவோர்க்கு அது வெறும் அணி, சிலபோது ஆபத்துமாம். அதனை அறிவதற்கு ஆம்பியரின் வாழ்க்கையே தக்க வழியாகும்.

ஆந்திரே மரீ ஆம்பியர் பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1775-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பட்டு வணிகர். செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்தவர். அவர் லியோனுக்கு அண்மையிலுள்ள பொலேமியூ என்னும் சிற்றூரில் குடும்பத்துடன் வாழ்ந்து, தம் மகனை எப்பள்ளிக்கும் அனுப்பாது, தம் நூல்நிலையத்தையே அவனுக்குப் பள்ளியாக்கினார். எண்ணும் எழுத்தும் கற்பதற்கு முன்னரே சிறுவன் கூழாங்கற்களை வைத்துக் கணக்கிட்டான் என்றும், நோயுற்றுக் கிடந்தபோது உண்ணக் கொடுத்த ரொட்டித் துண்டுகளைக்கூட உண்ணாது கணக்கிற்குப் பயன்படுத்தினான் என்றும் கூறுவர். ஆய்லர், பெர்னூலி முதலிய கணித வல்லுநரின் நூல்களைக் கற்க விரும்பிய அவனுக்கு, அவை இலத்தீன் மொழியில் உள்ளன என்று அறிவிக்கப்பட்டது. அதுகேட்டு அவன் பின்வாங்கவில்லை. இலத்தீனைக் கற்றுக்கொண்டு வந்து அந்நூல்களைப் பயின்றான். பேரகராதியாகிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தையும் அகர வரிசைப்படியே படித்து முடித்தான் என்பர்.

இங்ஙனம் வளர்ந்த இளைஞரைத் துன்பம் இளமையிலேயே தாக்கிற்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது லியோன் நகரம் பாரிஸ் அரசை எதிர்த்து நின்று, முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது. அந்நகரில் நீதிபதியாக இருந்த ஆம்பியரின் தந்தையார் 1793-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கில்லட்டின் என்னும் கொலைக் கருவிக்கு இரையானார். பதினெட்டு வயதினரான மகன் ஓராண்டுக்கு மேல் எதிலும் மனம் செல்லாது திகைத்திருந்தார். பின்னர் ரூஸோ இயற்றிய தாவர நூலும், பண்டை இலத்தீன் கவிகளின் பாடல்களும் அவரைச் சிறிது சிறிதாக உலகிற்கு மீட்டன.

1799-இல் ஜூலி காரோன் என்னும் நங்கையை மணந்தார். அடுத்த ஆண்டில் ஆண்மகவு பிறந்தது. 1802-இல் பூர்க் என்னும் ஊரில் ஆசிரியர் பதவி கிடைத்தது. நோயுற்ற மனைவியையும் குழந்தையையும் லியோனில் விட்டுத் தனியே செல்ல நேர்ந்தது. சூதாட்டத்தைக் கணித முறையால் ஆராய்ந்து, ஓயாது சூதாடுவோன் அழிவது உறுதி என்று நிறுவிய நூலை அவ்வாண்டிலேயே வெளியிட்டார். அந்நூலின் சிறப்பு லியோனிலேயே பதவி பெற அவருக்குத் துணைசெய்தது. ஆயினும் அவர் மீண்ட சில மாதங்களில், 1803-ஆம் ஆண்டு ஜூலையில், மனைவியார் உயிர் நீத்தார். பிறகு அவர் பாரிஸ் சென்று, பாலிடெக்னிக் கலாசாலையில் கணித ஆசிரியராய் அமர்ந்து, 1809-இல் பேராசிரியரும், 1814-இல் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரும் ஆனார். இரண்டாம் மணம் இன்பம் தரவில்லை. புகழ் வளர்ந்ததெனினும் இல்லறத்தில் அமைதி அவருக்கு வாய்த்திலது.

ஆம்பியரின் பெயரை அழியாததாக்கிய ஆண்டு 1820. அவ்வாண்டு ஜூலையில் டென்மார்க்கு தேசத்து எர்ஸ்டெட் என்பார் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். மின்சாரம் ஓடும் கம்பியைத் திசைகாட்டியின் அருகே பிடித்தால் காந்த முள் விலகுகின்றது என்பதே அச்செய்தி. செப்டம்பர் 11-ஆம் நாள் அராகோ என்னும் அறிஞர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அதனைச் செய்து காட்டினார். கண்டவர் வியந்தனர், சிலர் ஐயுற்றனர். நாற்பத்தைந்து வயதினரான ஆம்பியரோ வீடு திரும்பி உடனே ஆராய்ச்சியில் ஈடுபட்டு, ஏழே நாளில், அதாவது 18-ஆம் நாள், அதே கழகத்தில் தம் முதற் கட்டுரையைப் படித்தார். அடுத்த வாரம், ஒரே திசையில் மின்சாரம் ஓடும் இரு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும் என்றும், எதிர்த் திசைகளில் ஓடினால் ஒன்றையொன்று விலக்கும் என்றும் காட்டினார். காந்தமென ஒன்று இல்லாமலே கம்பிகள் காந்தங்கள்போல் நடப்பதைக் கண்டு அவையோர் மலைத்தனர். இவற்றிற்கு வேண்டிய கருவிகளை அவர் பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தைக் கொண்டே செய்வித்தார்.

இவற்றினூடே அவர் கண்ட ஒன்று நம் கருத்திற்கு மிக இன்றியமையாதது. கம்பியில் மின்சாரம் ஓடுவதைக் கண்ணால் காண இயலாது. ஆயினும் கம்பியருகே ஒரு முள்ளை வைத்தால், ஓட்டம் உண்டா இல்லையா, எத்திசையில் ஓடுகின்றது, எவ்வளவு வலிமையுடன் ஓடுகின்றது என்பவற்றை அம்முள் அறிவித்துவிடும். மின்சாரப் பரிசோதனை எதிலும் அம்முள் அருகே இருக்க வேண்டும் என்றும், மின்சாரத்தைத் தரும் கலம் உயிருடன் உள்ளதா என்பதை அது ஒவ்வொரு கணமும் காட்டும் என்றும் அவர் எடுத்துரைத்து, அதற்குக் கால்வனாமீட்டர் எனப் பெயரிட்டார். பூமியின் காந்தம் முள்ளைத் தன்பால் இழுத்து அளவைக் கெடுக்கும் என்பதையும் உணர்ந்து, அவ்விழுப்பை நீக்கும் வழியையும் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மானியராகிய ஷ்வைகர் என்பார் கம்பியைப் பல சுற்றாகச் சுற்றி முள்ளின் அசைவைப் பெருக்கினார். அம்மீட்டரின் குலமுதல் இக்கருவியே.

இரண்டாவதாக, அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்று அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அதுவரை அறிஞர் பலர் இவ்விரண்டையும் கலந்தே பேசினர். இவ்வேறுபாட்டை நம் ஊரார்க்கு விளக்க முக்கொம்பு ஒன்றே போதும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரி இரண்டாகப் பிரிந்து வடபால் கொள்ளிடமாகவும் தென்பால் காவிரியாகவும் திருவரங்கத்தை அணைத்துச் செல்லும் இடம் அது. மதகுகளை அடைத்தால் அணையில் நீர் உயர்ந்து நிற்கும். ஆயினும் கீழே ஓட்டம் இராது. மதகுகளைத் திறந்தால் நீர் பாயும். நின்ற உயரம் குறையும். உயரத்தை அடியாலும், பாய்வதை விநாடிக்கு இத்தனை கன அடி என்றும் அளக்கின்றோம். அணையில் நிற்கும் உயரம் போன்றது வோல்ட். மதகில் பாயும் ஓட்டம் போன்றது ஆம்பியர். சுற்று மூடாதிருக்கையில் அழுத்தமே தோன்றும் என்பதும், மூடியவுடன் ஓட்டமே தொழில் செய்யும் என்பதும் ஆம்பியர் கண்ட உண்மை.

இவ்வேறுபாட்டை அறியாதவன் கையில் அம்மீட்டர் தீக்குச்சியாகிவிடும். அம்மீட்டர் ஓட்டத்தை அளப்பதாதலின், ஓட்டம் அதன் வழியே செல்ல வேண்டும். பாட்டரியின் நேர்முனையினின்று வண்டியின் மற்ற உறுப்புகளுக்குச் செல்லும் கம்பியைத் துண்டித்து, அத்துண்டுகளின் நடுவே அதனைச் சேர்த்தல் வேண்டும். அவ்வாறன்றிப் பாட்டரியின் இரு முனைகளுக்கும் நேராக அதனை இணைத்தால், அதன் தடை மிகச் சிறிதாதலால், பட்டறையார் ஷார்ட் என்று கூறும் குறுக்குச்சுற்று உண்டாகிக் கம்பி பழுக்கும், கருவியும் கருகும். வோல்ட்மீட்டரோ இதற்கு நேர்மாறானது. அது அழுத்தத்தை அளப்பதாதலின் இரு முனைகளுக்கும் குறுக்கே நின்றே தொழில் செய்யும். ஆயினும் சாவியை மூடிய பின்னும் அது பாட்டரியை உறிஞ்சாதபடி, சாவிக்கு அப்பாலுள்ள கம்பியிலிருந்து, சிறு ப்யூஸ் ஒன்றின் வழியே, அதற்கு இணைப்புக் கொடுத்தல் நலம். எதனைப் பொருத்தினும், முதற்கண் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். வண்டியின் அதிர்ச்சி முள்ளைத் தாக்காதவாறு கருவியின் அடியில் ரப்பர் வளையம் இடுதலும் தக்கது.

அம்மீட்டர் பொருத்துவோர் மேலும் இரண்டைக் கருதல் வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் மோட்டார் உண்ணும் பெரும் ஓட்டம் அச்சிறு கருவியின் வழியே செல்லலாகாது. எஞ்சின் தரும் மின்சாரமோ அக்கருவியைக் கடந்தே பாட்டரியை அடைய வேண்டும். அன்றேல் அது செலவை மட்டும் காட்டும், வரவைக் காட்டாது. முறையாகப் பொருத்திய முள் நல்ல கணக்கப்பிள்ளையை ஒக்கும். இரவில் முன்விளக்கை ஏற்றிக்கொண்டு, திருவரங்கத்துத் தெருக்களின் நெரிசலில் வண்டி தயங்கித் தயங்கி ஊர்கையில், முள் கழித்தற் பக்கம் சாயும். பாட்டரி செலவாகின்றது என்பது அதன் பொருள். காவிரிப் பாலத்தை அடைந்து வண்டி விரையுங்கால் முள் கூட்டற் பக்கம் திரும்பும், செலவழிந்தது மீள்கின்றது. விரைந்து சென்றும் முள் திரும்பாதாயின், மின்னேற்றும் உறுப்பில் பழுதுண்டென்று ஓட்டுவோன் நடுவழியில் இருளில் நிற்பதற்கு முன்னரே அறிந்துகொள்வான். வோல்ட்மீட்டர் உடையோன், பன்னிரண்டு வோல்ட் பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், வண்டி ஓடுகையில் ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்டுவதைக் கொண்டு அதனை உணர்வான்.

மின்னேற்றும் கருவியிலும் ஆம்பியரின் கை உண்டு. 1831-இல் பாரடே, காந்தத்தை அசைத்து மின்சாரம் பெறும் வழியைக் கண்டார். அடுத்த ஆண்டு பாரிஸ் கருவியாளர் பிக்ஸி, கையால் சுழற்றும் மின்பொறி ஒன்றை இயற்றினார். அதில் மின்சாரம் முன்னும் பின்னுமாக மாறி மாறி வந்தது. அதனை ஒரே திசையில் ஓடச்செய்யும் உறுப்பு ஒன்றைச் சேர்க்குமாறு வழி கூறியவர் ஆம்பியரே. பழைய மோட்டார் வண்டிகளின் டைனமோக்களில் அவ்வுறுப்பின் வழித்தோன்றல் நெடுநாள் தொழில் செய்தது.

1826-இல் ஆம்பியர் தம் ஆராய்ச்சிகள் அனைத்தையும் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார். அதன் அடிப்படையாக அவர் கொண்ட பரிசோதனைகள் நான்கினும் வெற்றிக்கு அடையாளம் அசைவின்மையே. இரு விசைகளை எதிரெதிர் நிறுத்தி, கருவி அசையாது நிற்குமாயின் இரண்டும் சமம் என்று முடிவு செய்தார். சுழியும் ஒரு செய்தியே என்பதை அவர் அறிந்திருந்தார். அம்மீட்டரின் முள் சுழியில் நிற்பதும் செய்தியற்ற நிலையன்று; பாட்டரி பெறவும் இல்லை, இழக்கவும் இல்லை என்பதையே அது கூறுகின்றது. பிற்காலத்தில் மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் ஆம்பியரை நியூட்டனுக்கு இணையாக வைத்துப் போற்றினார்.

இத்துணைக் கூர்மை வாய்ந்தவர் உலகியலில் மறதி மிக்கவராக இருந்தார். தெருவில் நின்ற வண்டியின் பின்புறத்தைக் கரும்பலகையென எண்ணிக் கணக்கெழுதத் தொடங்கி, வண்டி நகரவே அதன்பின் ஓடினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கல்வி மேலதிகாரியாக ஆண்டுதோறும் ஊர் ஊராய்ச் சென்று கலாசாலைகளைப் பார்வையிடும் பணி அவர் உடலை நலிவித்தது. அத்தகைய பயணம் ஒன்றில், 1836-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10-ஆம் நாள், மார்செல்ஸ் நகரில் அவர் உயிர் துறந்தார். அவர் உடலெச்சம் 1869-இல் பாரிஸ் மோன்மார்த்தர் இடுகாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் மறைந்த அதே 1836-ஆம் ஆண்டில்தான் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டும் பணியைத் தொடங்கினார். ஒருவர் மின்னோட்டத்திற்கு முறை வகுத்தார். மற்றவர் ஆற்றோட்டத்திற்கு அணை வகுத்தார்.

1881-இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு, மின்னோட்ட அளவைக்கு ஆம்பியர் என்று பெயரிட்டது. எட்டு ஆண்டுகளுக்குப்பின் எழுந்த ஐபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. 2019-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் முதல் அவ்வளவைக்குப் புதிய இலக்கணம் வகுக்கப்பட்டது. இரு கம்பிகளின் இழுப்பைக் கொண்டு அளந்த பழைய முறை நீங்கி, மின்னூட்டத்தின் அடிப்படை அளவே அளவுகோலாயிற்று. இலக்கணம் மாறினும் பெயர் மாறவில்லை.

தந்தையை இழந்தும், மனைவியை இழந்தும், பள்ளி வாயிலை மிதியாமலும், ஆம்பியர் கற்பதை விட்டாரில்லை. ஒன்றாய்த் தோன்றியவற்றை இரண்டெனப் பிரித்தறிந்ததும், காணாத ஓட்டத்தைக் காணும் முள்ளால் உணர்த்தியதும் அவர் உலகிற்கு விட்டுச் சென்ற செல்வம். ஒரு கருவியை வாங்க விலை போதும்; அது கூறுவதை அறியக் கல்வி வேண்டும். வண்டியில் புதியதொரு முள்ளைச் சேர்க்கும் மாணவர், அது எதனை அளக்கின்றது, எவ்வழியே அளக்கின்றது என்று முதலில் வினவித் தெளிந்து, அதன் பின்னரே கம்பியைக் கையில் எடுப்பாராக. அவ்வாறு செய்வதே அப்பெரியாரின் பெயரை வாயால் சொல்வதினும் சிறந்த வழிபாடாகும்.