ஆகாயத் தபாலும் டாட்டாவும்

ஆவடிக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரம் சென்றால், இரண்டாவது உலக யுத்த காலத்து விமான ஓடுபாதை ஒன்றைப் பற்றி ஊரார் சொல்லக் கேட்கலாம். யுத்தம் முடிந்த பின் அது பிரயாணிகளுக்கான நிலையமாக வளரவில்லை. பல்லாண்டுகள் மோட்டார் பந்தயத்திற்கே பயன்பட்டது. பூந்தமல்லிக்கு மேற்கே பரந்தூரிலோ, 2022-ல் பெரியதொரு விமான நிலையம் அறிவிக்கப்பட்டது முதல், ஏகனாபுரம் முதலிய கிராமத்தார் தங்கள் நிலங்களுக்காகக் கிளர்ச்சி செய்து வந்திருக்கிறார்கள். விமான நிலையம் யாருக்காக என்ற கேள்வி இவ்விரு இடங்களிலும் எழுகிறது. அக்கேள்விக்குத் தமது வாழ்க்கையாலேயே விடை கூறிய ஜே.ஆர்.டி. டாட்டாவை இச்சமயம் நினைவுகூருவது பொருத்தமென்று கருதுகிறோம்.

1904 ஜூலை 29-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தவர் அவர். தாயார் பிரெஞ்சு மாது. இளமையில் பிரான்சின் ஆகாயத்தில் கண்ட விமானங்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. 1929 பிப்ரவரி 10-ந் தேதி, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸைப் பெற்றார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறப்போருக்கு ஆகாகான் பரிசு வைத்தார். வழியில் எகிப்து தேசத்தில், போட்டியாளரான ஆஸ்பி இன்ஜினியர் என்னும் வாலிபர் இயந்திர உதிரி உறுப்பின்றித் தவித்தபோது, டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். பரிசு அவ்வாலிபருக்கே கிடைத்தது. பிற்காலத்தில் அவர் நமது விமானப்படைத் தலைவரானார்.

நெவில் வின்சென்ட் என்னும் விமானியுடன் சேர்ந்து டாட்டா தொடங்கியதே ஆகாயத் தபால். அன்னிய சர்க்கார் உதவித் தொகை கொடுக்க மறுத்தது. சுமந்த தபாலின் எடைக்கேற்ற கூலியே வருமானம். 1932 அக்டோபர் 15-ந் தேதி, ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில், கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவுக்குத் தாமே தபாலை ஓட்டி வந்தார். அங்கிருந்து, அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பல்லாரி வழியாக, வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

அந்த நிலையங்களின் லட்சணம் என்ன? பெரிய மண்டபமில்லை, வழிகாட்ட வானொலி இல்லை. ஜுஹு வெறும் மண் தரை. மழைக்காலத்தில் நீர் தேங்கும். ஆமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது. ஆயினும் முதல் ஆண்டில் 155 பிரயாணிகளும் சுமார் 10 டன் தபாலும் அவ்வழியே சென்றனர். நேரந் தவறாமைக்குச் சர்க்காரின் பாராட்டும் கிடைத்தது. குறித்த நாளில் கடிதம் வந்து சேர்ந்ததால், மண் தரையே விமான நிலையமாயிற்று. நாணயமான சேவைதான் நிலையத்தை உண்டாக்குகிறது, கட்டடமன்று.

1946-ல் அவரது ஸ்தாபனம் ஏர் இந்தியாவாயிற்று. 1948 ஜூனில் பம்பாயிலிருந்து லண்டனுக்குச் சுதந்திர பாரதத்தின் விமானம் பறந்தது. 1953-ல் விமானக் கம்பெனிகள் தேசவுடைமையானபோது டாட்டா அதை எதிர்த்தார். எனினும் பிணங்கி ஒதுங்காமல், ஏர் இந்தியாவின் தலைமையை ஏற்று உழைத்தார். 1978-ல் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1982-ல், தமது 78-வது வயதில், அதே கராச்சி–பம்பாய் வழியில் பழைய மாதிரிச் சிறு விமானத்தைத் தாமே ஓட்டினார். 1992-ல் பாரத ரத்னா விருது பெற்று, மறு ஆண்டு நவம்பர் 29-ல் ஜினீவாவில் காலமானார்.

இவ்வாழ்க்கையின் பாடத்தை நமது நாடு நன்கு கற்றதாகச் சொல்ல முடியவில்லை. சேலம் விமான நிலையம் 1993-ல் திறக்கப்பட்டும், நெடுங்காலம் விமானமின்றிக் கிடந்தது. 2018-ல் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2023-ல் மீண்டும் தொடங்கிற்று. தறிக்காரரும் வியாபாரியும் நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாத நிலையம், ஓடுபாதை எவ்வளவு நீண்டிருந்தும் பயனில்லை. சோழவரம் அளிக்கும் எச்சரிக்கையும் இதுவே.

பெரிய நிலையங்கள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் விளைநிலத்தைக் கேட்பதற்கு முன், உள்ள சிறு நிலையங்கள் தத்தம் ஊராருக்கு நாள் தவறாமல் பயன்படுகின்றனவா என்று ஆராய்வது ஆள்வோர் கடமை. நிலத்தைக் கொடுப்பவனுக்கு அந்த நிலையத்தால் வரும் நன்மை என்னவென்று முன்னதாகவே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மூட்டைக் கடிதத்தைச் சுமந்து பறந்த அந்த மனிதரின் நினைவுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.