வாத்தியாருக்கு வாத்தியார்

வாத்தியார் என்றால் தமிழ்நாட்டிலே ஒருவரைத்தான் நினைப்பார்கள். கொட்டகை வாசலிலே தோரணம் கட்டி, விடிய விடியக் காத்திருந்து முதல் ஆட்டம் பார்த்த கூட்டம் எம்.ஜி.ஆருக்குச் சூட்டிய பெயர் அது. சிலம்பம் சுழற்றினார், வாள் வீசினார், பாட்டாலே பாடம் சொன்னார்; ஆகவே வாத்தியார்! மெத்தச் சரி. ஆனால் அந்த வாத்தியாருக்கும் ஒரு வாத்தியார் இருந்தாரே, அவர் பெயர் என்ன? அம்மாப்பேட்டைத் தறிக்குழியிலே கேட்டுப் பாருங்கள், தோழர்களே. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையிலே கேட்டுப் பாருங்கள். வயதில் மூத்த ஒருவர் இருவர் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசிப்பார்கள். மற்றவர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

காளி என். ரத்தினம். அதுதான் பெயர்.

ஒரு காலத்திலே இந்தப் பெயரைச் சுவரொட்டியிலே கண்டால் போதும், சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை மூட்டை தூக்கும் தொழிலாளியும் திருச்செங்கோட்டு நெசவாளியும் அன்றைய கூலியிலே தரை டிக்கெட்டுக்கு ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் அரிசி வாங்கப் போவார்கள். அப்படிச் சிரிக்க வைத்த மனிதரை நாம் மறந்தோம். அவர் வளர்த்த பிள்ளைகள் நாட்டின் நினைவிலே நிற்கிறார்கள், வளர்த்தவர் நிற்கவில்லை. கட்டடத்தைக் காண்கிறவன் கொத்தனாரைக் கேட்பதில்லை அல்லவா?

1897ஆம் ஆண்டு, கும்பகோணத்துப் பக்கத்திலே மலையப்பநல்லூரிலே பிறந்தவர். தஞ்சைத் தரணி நெல்லுக்குப் பெயர் போனது. நாடகத்துக்கும் பெயர் போனது. அந்த நாளிலே ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டே வழி: பண்ணையாரின் மாட்டுக் கொட்டகை, அல்லது பாய்ஸ் கம்பெனியின் நாடகக் கொட்டகை. இரண்டாவது வழியிலே போனவர்கள்தாம் பிற்காலத்துத் திரையுலகை நிரப்பினார்கள். ரத்தினம் போய்ச் சேர்ந்த இடம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்று இன்றைய இளைஞருக்குச் சொல்லத்தான் வேண்டும். ஏழு வயது, எட்டு வயதுச் சிறுவர்களைத் திரட்டி, சோறு போட்டு, பாட்டும் வசனமும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் மேடையேற்றும் ஏற்பாடு. பெண் வேடமும் பையன்தான், அரசனும் பையன்தான், எமனும் பையன்தான். தகரக் கொட்டகை போட்டு ஓர் ஊரிலே மாதக்கணக்கில் தங்குவார்கள். வசூல் குறைந்ததும் தட்டுமுட்டு, திரைச்சீலை, ஆர்மோனியப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர். வீட்டிலே பசி இல்லாதவன் யாரும் பெற்ற பிள்ளையை அங்கே விட்டதில்லை. கலைத்தாயின் அழைப்பு என்றெல்லாம் இன்று அலங்காரமாக எழுதுகிறார்கள். அழைத்தது கலைத்தாய் அல்ல, காலி வயிறு! பிரம்படியும் உண்டு, பட்டினியும் உண்டு. தொண்டை உடைந்து குரல் கட்டிக்கொண்டால் — மகரக்கட்டு என்பார்கள் — நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்தவன் இன்று கூட்டத்திலே ஈட்டி பிடித்து நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கம்பெனியிலே ரத்தினத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேடம் கோவலன் நாடகத்துக் காளி. கோவலன் கதை தமிழன் கதை. இளங்கோவின் காப்பியத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவனும் கண்ணகி எரித்த மதுரையை நாடகக் கொட்டகையிலே கண்டிருக்கிறான். அந்த நாடகத்திலே காளி சினந்தெழும் காட்சிக்கென்று கூட்டம் வந்தது. ரத்தினம் காளியாக வந்து நின்றால் மேடை கொள்ளாது! ஊரே அவரைக் காளி ரத்தினம் என்றது. பட்டம் கொடுக்கச் சபை கூடவில்லை, பொன்னாடை போர்த்தவில்லை. பார்த்தவன் வாய் கொடுத்த பெயர், சாகும்வரை ஒட்டிக்கொண்டது. பகுத்தறிவு பேசுகிற நமக்குக் காளி மீது என்ன காதல் என்று யாரேனும் கேட்கக் கூடும். நமக்குக் காளி மீது காதல் இல்லை. முகத்திலே சாயமும் நெஞ்சிலே மூச்சும் மட்டுமே கொண்டு ஆயிரம் பேரை அசையாமல் உட்கார வைத்த தொழில் திறம் இருக்கிறதே, அதன் மீதுதான்.

வேடம் கட்டியதோடு அவர் வேலை முடியவில்லை. கம்பெனியின் சிறுவர்களுக்கு அவரே வாத்தியார். எப்படி நிற்பது, எப்படித் திரும்புவது, கடைசி வரிசையிலே பாய் விரித்து உட்கார்ந்திருப்பவன் காதிலே வசனம் விழ மூச்சை எங்கே நிறுத்துவது — அத்தனையும் சொல்லிக்கொடுப்பது வாத்தியார் பொறுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்திலே பயின்றவர்களிலே இருவரைச் சொன்னால் போதும். ஒருவர் புதுக்கோட்டைச் சின்னப்பா. மற்றவர், தந்தையை இழந்து, கும்பகோணத்திலே தாயின் உழைப்பிலே வாழ்ந்து, அண்ணன் சக்கரபாணியோடு கம்பெனியிலே சேர்ந்த இராமச்சந்திரன். பிற்காலத்திலே கோட்டையிலே அமர்ந்த எம்.ஜி.ஆர்., தமக்கு நடிப்புச் சொல்லித் தந்த ஆசான் என்று காளி ரத்தினத்தை மறவாமல் எழுதி வைத்திருக்கிறார். மாணவர் மறக்கவில்லை, மாணவரைக் கொண்டாடிய கூட்டம்தான் மறந்தது.

1931இலே காளிதாஸ் வந்தது. தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. நாடகக் கொட்டகைக்குத் தொண்டை கட்டத் தொடங்கியது. ஒரு படச்சுருளை ஒரே இரவிலே பல ஊர்களில் ஓட்டலாம். நாடகக் கம்பெனியை அப்படி ஓட்ட முடியுமா? கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. பாடத் தெரிந்தவன் படத்துக்குப் போனான். பழக்கமில்லாதவன் பிழைப்பைத் தேடிப் போனான். ரத்தினம் அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கதாநாயகன் ஆகும் வயதல்ல, முகமும் அல்ல. 1936இலே ஜூபிடர் நிறுவனத்தின் முதல் படமான சந்திரகாந்தாவிலே வந்தார். மாணவர் சின்னப்பாவும் அதிலே உண்டு. ஜே.ஆர். ரங்கராஜு எழுதிய நாவல் அது. மடாதிபதி ஒருவரின் லீலைகளைச் சந்திக்கு இழுத்த கதை. அந்த நாளிலேயே அந்தத் துணிவு!

மேடையிலே பார்த்தவரை நடுங்க வைத்தவர் திரையிலே சிரிக்க வைக்க வந்தார். இது சிறிய மாற்றமல்ல. காளி வேடத்துக்கு இரைந்த குரல் வேண்டும். நகைச்சுவைக்கு, எங்கே சும்மா இருப்பது என்ற அறிவு வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன. சி.டி. ராஜகாந்தம் என்ற கோவைப் பெண்மணி அவருக்கு இணையாக வந்து சேர்ந்தார். கலைவாணர் – மதுரம் என்று ஒரு சோடி என்றால், ரத்தினம் – ராஜகாந்தம் என்று இன்னொரு சோடி. முன்னவர்கள் சிரிப்புக்குள்ளே சீர்திருத்தத்தை வைத்துக் கொடுத்தார்கள், சிந்திக்க வைத்தார்கள். பின்னவர்கள் குடிசை வாசலிலே நடக்கும் புருஷன் பெண்டாட்டிச் சண்டையை அப்படியே தூக்கிவந்து திரையிலே வைத்தார்கள். கலைவாணரோடு ஒப்பிட்டு, ரத்தினத்திடம் கொள்கை இல்லை, வெறுங் கூத்து என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் காட்டுவது சபாபதி.

பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகம். ஏ.வி. மெய்யப்பன் படமாக்கி 1941 டிசம்பரிலே வெளியிட்டார். ஜப்பானியன் குண்டு போட்டு உலகமே கிடுகிடுத்த மாதம் அது. அந்த மாதத்திலே தமிழன் கொட்டகையிலே வயிறு புண்ணாகச் சிரித்தான்! கதை என்ன? எசமான் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எசமானாக டி.ஆர். இராமச்சந்திரன்; தேர்வு தேறாத செல்வப் பிள்ளை. வேலைக்காரனாக ரத்தினம். எசமான் எதைச் சொன்னாலும் சொன்ன சொல்லைச் சொன்னபடியே செய்துவிடுவான். அதனாலேயே காரியம் அத்தனையும் கவிழும். மூடன் என்று திட்டுவான் எசமான். பார்க்கிறவனுக்கோ ஐயம் வரும்: இருவரிலே மூடன் யார்? ஒரே பெயர்தான் இருவருக்கும். ஒருவன் சாய்வு நாற்காலியிலே, மற்றவன் கைகட்டி வாசலிலே. பெயரிலே இல்லாத உயர்வு தாழ்வு பிறப்பிலே எங்கிருந்து வந்தது? வசனமாகச் சொன்னால் தணிக்கைக்காரன் கத்தரி எடுத்திருப்பான். ரத்தினம் சொல்லவில்லை, விழித்தார், அவ்வளவுதான். ஆலையிலே மேஸ்திரி ஏவியதை அப்படியே செய்து அவனை விழிபிதுங்க வைத்த தொழிலாளி எவனும் அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்வான்.

இனி நம் சேலத்துக்கு வருவோம். திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம், நெசவுத் தொழில் நுட்பம் படிக்கச் சீமைக்குச் சென்று திரும்பியவர், ஏற்காடு அடிவாரத்துச் சாலையிலே மாடர்ன் தியேட்டர்ஸை எழுப்பினார். அதற்கு முன்னே தமிழ்ப்படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். சுந்தரமோ, நடிகர், பாடகர், தச்சர், தையற்காரர் எல்லாரையும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, பஞ்சாலை நடத்துவது போலவே படச்சாலையை நடத்தினார். நேரத்துக்கு வரவேண்டும்; பேர் பெற்ற நடிகனாக இருந்தாலும் அதட்டல் உண்டு. பாய்ஸ் கம்பெனியிலே வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பழைய பிரம்பு, புதிய சங்கு. சின்னப்பா 1940இலே உத்தம புத்திரனில் இரட்டை வேடம் கட்டிப் பெயர் பெற்றது இங்கேதான். 1942இலே மனோன்மணியம் நாடகம் மனோன்மணி என்ற படமானபோது சின்னப்பா கதாநாயகன். அவருடைய வாத்தியார் ரத்தினம் அதே படத்திலே நகைச்சுவைப் பகுதியிலே. மாணவன் பெயர் சுவரொட்டியிலே பெரிதாக, ஆசான் பெயர் கீழே. அந்த வரிசைக்கு நாம் யாரையும் குறை கூறவில்லை, சந்தையின் வழக்கம் அது.

1943இலே சேலத்திலிருந்து இன்னொரு படம் வந்தது. பெயர் திவான் பகதூர். டி.ஆர். இராமச்சந்திரனோடு ரத்தினமும் ராஜகாந்தமும். வெள்ளைக்காரன் கொடுத்த பட்டத்தின் பெயரே சிரிப்புப் படத்தின் பெயர்! அடுத்த ஆண்டு, 1944 ஆகஸ்டிலே, அதே சேலத்திலே நீதிக்கட்சி மாநாடு கூடியது. ராவ் பகதூர், திவான் பகதூர்ப் பட்டங்களைத் துறந்துவிட வேண்டும் என்று அண்ணா தீர்மானம் கொண்டுவந்தார். கட்சி திராவிடர் கழகமாயிற்று. படத்துக்கும் தீர்மானத்துக்கும் தொடர்பு உண்டு என்று நாம் சொல்ல வரவில்லை. முந்திய ஆண்டு கொட்டகையிலே பட்டத்தின் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் சிலராவது அந்த மாநாட்டுப் பந்தலிலே உட்கார்ந்திருக்க மாட்டார்களா?

போர்க்காலம் கச்சாப் படச்சுருளுக்குப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. படம் பதினோராயிரம் அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. நீளமான படங்களிலே கதைக்கு நடுவே தனியாக ஓடும் சிரிப்புப் பகுதி ஒன்று இருக்குமே, அதன் இடம் சுருங்கியது. பல பழைய நடிகர்கள் அந்தச் சுருக்கத்திலே காணாமல் போனார்கள். ரத்தினம் போகவில்லை. போருக்குப் பின்னும் நடித்தார்.

1950 வந்தது. அந்த ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து மந்திரிகுமாரி வெளிவந்தது. குண்டலகேசி காப்பியத்தின் கரு, கலைஞரின் வசனம், கதாநாயகன் எம்.ஜி.ஆர். நாட்டின் கொட்டகைகளிலே அந்த வசனம் முழங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டிலே காளி ரத்தினம் கண்ணை மூடினார். வயது ஐம்பத்து மூன்று. மற்றொரு மாணவர் சின்னப்பாவும் அடுத்த ஆண்டே, முப்பத்தைந்து வயதிலேயே, போய்விட்டார்.

ராஜகாந்தம் மட்டும் நெடுங்காலம் இருந்தார். சோடி போன பின்னும் நடித்தார். மந்திரிகுமாரியிலே, கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் பாட்டை ஜிக்கியோடு சேர்ந்து பாடினாரே திருச்சி லோகநாதன், அவர் அந்த ராஜகாந்தத்தின் மகளை மணந்த மருமகன். அந்தப் பாட்டு இன்றும் நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலே ஒலிக்கிறது.