தபால் மூட்டையோடு பறந்தவர்

டாடா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிலருக்கு உப்பு, சிலருக்கு லாரி, ஊர்ப்பக்கம் இருக்கிறவங்களுக்கு சுமோ. ஆனால் நம்ம நாட்டில் ஆகாய விமானம் ஓட்ட முதன்முதலா லைசென்ஸ் வாங்கியவரும் ஒரு டாடாதான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. இவ்வளவு நீளமான பேரைச் சொல்ல முடியாமல் எல்லோரும் ஜே.ஆர்.டி. என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஜே.ஆர்.டி. பிறந்தது 1904 ஜூலை 29, பாரிஸ் நகரத்தில். அப்பா பார்சி, அம்மா பிரெஞ்சுக்காரர். லீவு விட்டால் குடும்பமே பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் ஆர்தலோ என்ற ஊருக்குப் போய்விடும். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? லூயி பிளேரியோ! 1909-ல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் இருக்கும் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் தாண்டியவர். அந்தக் கடற்கரை மணலில் விமானங்கள் வந்து இறங்குவதை நம்ம ஆள் பொடிப்பையனாக நின்று வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார். 15 வயசில் அதே ஊரில் ஒரு விமானத்தில் ஏறி ஒரு சுற்று சுற்றி வந்தார். அதோடு சரி, பைத்தியம் பிடித்துவிட்டது.

ஆனாலும் தானே ஓட்டுவதற்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. பம்பாயில் ஃப்ளையிங் கிளப் ஆரம்பித்ததும் போய்ச் சேர்ந்தார். 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி லைசென்ஸ் கைக்கு வந்தது. அதில் நம்பர் 1 என்று இருந்தது. அதே வருஷம்தான் பிரெஞ்சுக் குடியுரிமையையும் விட்டார்.

அடுத்த வருஷம் நடந்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் முதலில் தனியாகப் பறக்கும் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து லண்டனை நோக்கிக் கிளம்பினார். எதிர்ப்பக்கம் லண்டனிலிருந்து ஆஸ்பி இன்ஜினியர் என்ற 17 வயசுப் பையன் கராச்சியை நோக்கி வந்துகொண்டிருந்தான். (இன்ஜினியர் என்பது படிப்பு இல்லை, குடும்பப் பெயர். பார்சிகளில் இப்படி உண்டு.) ரெண்டு பேரும் எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் சந்தித்தார்கள். ஆஸ்பியின் விமானத்தில் ஸ்பார்க் பிளக் பழுது. மாற்று பிளக் கையில் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றான். ஜே.ஆர்.டி.யிடம் ஸ்பேர் இருந்தது. போட்டியாளன்தானே, நிக்கட்டும் என்று போயிருக்கலாம். போகவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார். கடைசியில் சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தது ஆஸ்பி! பிறகு ஆஸ்பி விமானப்படையில் சேர்ந்து 1960-ல் இந்திய விமானப்படைக்கே தலைமைத் தளபதி ஆனார். தோற்றதற்காக ஜே.ஆர்.டி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாகக் கதை எதுவும் இல்லை.

இப்போ நம்ம சென்னை வருகிறது. அப்போது லண்டனிலிருந்து விமானத் தபால் கராச்சி வரைக்கும்தான் வரும். அதுக்கு அப்புறம் தென்பக்கம் போக ரயில்தான் கதி. கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபாலைப் பறந்தே கொண்டு போனால் என்ன என்று யோசனை சொன்னவர் நெவில் வின்சென்ட். இங்கிலாந்து விமானப்படையில் இருந்த பைலட். பெரியவர் தோராப்ஜி டாடாவுக்கு முதலில் இதில் இஷ்டமில்லை. ஜான் பீட்டர்சன் என்ற மூத்த அதிகாரி எடுத்துச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். போட்ட முதல் 2 லட்சம் ரூபாய். அரசாங்கம் மானியம் எதுவும் தர மறுத்துவிட்டது. தபாலின் எடைக்கு இவ்வளவு என்று கூலி, அவ்வளவுதான்.

1932 அக்டோபர் 15. கராச்சி டிரிக் ரோடு விமான தளத்திலிருந்து தபால் மூட்டையோடு ஜே.ஆர்.டி. கிளம்பினார். விமானத்தின் பெயர் புஸ் மாத். ஒற்றை இன்ஜின், குட்டியூண்டு விமானம். வழியில் அகமதாபாத்தில் இறங்கிப் பெட்ரோல் போட வேண்டும். பெட்ரோல் எப்படி வந்தது தெரியுமா? நாலு காலன் டின்களில், மாட்டு வண்டியில்! அப்புறம் பம்பாய் ஜுஹுவில் போய் இறங்கினார். ஜுஹு என்றால் இப்போ சினிமாக்காரர்கள் வீடு இருக்கிற இடம். அப்போ அது வெறும் சேற்றுத் தரை. மழைக்காலம் வந்தால் முழுக்கத் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் எல்லாவற்றையும் பூனாவுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். வழிகாட்ட ரேடியோ கிடையாது. பைலட்டின் கண்ணும் கையில் இருக்கிற மேப்பும்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாகணும். சென்னை வரைக்கும் ஜே.ஆர்.டி.யே ஓட்டி வந்தார் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. அவர் ஓட்டியது பம்பாய் வரை. பம்பாயிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டு, பெல்லாரியில் ராத்திரி தங்கி, மறுநாள் சென்னையில் இறங்கியவர் வின்சென்ட். அந்த மனுஷனை இப்போ யாருக்குமே தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம். 1942-ல் யுத்தம் நடந்த சமயம் இங்கிலாந்துக்குப் போகும் ஒரு குண்டுவீச்சு விமானத்தில் ஏறினார். அந்த விமானம் போய்ச் சேரவே இல்லை.

முதல் முழு வருஷத்தில் அந்தக் குட்டிக் கம்பெனி பறந்தது 1,60,000 மைல். சுமந்தது 10 டன்னுக்கு மேல் தபால், 155 பயணிகள். லாபம் 60,000 ரூபாய். 1935-ல் திருவனந்தபுரம், 1938-ல் கொழும்பு என்று பாதை நீண்டது. 1938-லேயே ஜே.ஆர்.டி. டாடா குழுமம் முழுவதற்கும் தலைவர் ஆகிவிட்டார். வயசு 34. இரும்பு ஆலை, மின்சாரம், ஆராய்ச்சி நிலையம் என்று அவர் செய்ததை எல்லாம் எழுத இந்த சார்ட் தாள் பத்தாது. நாம் விமானத்தோடு போவோம்.

1946-ல் அவருடைய விமானக் கம்பெனி பொதுமக்களும் பங்கு வாங்கும் கம்பெனி ஆனது, ஏர் இந்தியா என்று பெயரும் மாறியது. இந்த சமயத்தில்தான் சிக்கல். யுத்தம் முடிந்ததும் ராணுவத்தின் டகோட்டா விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. வேலையில்லாத பைலட்டுகளும் நிறைய. ஆளாளுக்கு விமானக் கம்பெனி தொடங்கினார்கள். அரசாங்கமும் லைசென்ஸை அள்ளிக் கொடுத்தது. இவ்வளவு கம்பெனிக்கு இங்கே பயணிகள் இல்லை, எல்லாரும் சேர்ந்து மூழ்குவார்கள் என்று ஜே.ஆர்.டி. முன்னாடியே எச்சரித்தார். தன் வியாபாரம் போய்விடும் என்று பயந்து சொல்கிறார் என்றுதான் சிலர் நினைத்தார்கள்.

ஏன் மூழ்கணும்? ஒரு ஊருக்கு ஒரு மினி பஸ் ஓடுகிறது, தினம் 40 பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் மூணு மினி பஸ் விட்டால் பஸ்ஸுக்குப் பத்து பேர். ஆனால் டீசல் செலவும் டிரைவர் சம்பளமும் குறையுமா? விமானத்தில் இது இன்னும் மோசம். பாதி சீட் காலியாகப் பறந்தாலும் பெட்ரோல் கிட்டத்தட்ட அதே அளவு குடிக்கும். இத்தனை மணி நேரம் பறந்தால் இன்ஜினைக் கழற்றிப் பார்த்தே ஆகணும், அதில் மிச்சம் பிடிக்க முடியாது. பிடித்தால் உயிர் போகும். கிளம்பிப் போன விமானத்தின் காலி சீட்டை நாளைக்கு எடுத்து வைத்து விற்கவும் முடியாது, சாயந்திரம் மீந்துபோன கீரைக்கட்டு மாதிரிதான். 1947-ல் அகதிகளை ஏற்றி வந்ததும் காஷ்மீருக்குப் படைகளைக் கொண்டு போனதும் கொஞ்ச நாள் கம்பெனிகளுக்கு வேலை கொடுத்தன. அது நின்றதும் தள்ளாட ஆரம்பித்துவிட்டன.

1949 ஜனவரி கடைசியில் இரவுத் தபால் விமானம் தொடங்கியது. பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை நாலு ஊரிலிருந்தும் ராத்திரி விமானம் கிளம்பி நாக்பூரில் சந்திக்கும். அங்கே தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். கேட்கவே அழகாக இருக்கு இல்லையா? ஆனால் ராத்திரி பறப்பதற்கான வசதிகள் தரையில் சரியாக இல்லாத நேரம் அது, பணமும் கட்டாது என்று ஜே.ஆர்.டி. எதிர்த்தார். அமைச்சர் ரஃபி அகமது கித்வாய்க்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. (இந்தத் திட்டம் பின்னால் பல வருஷம் ஓடியது. அதையும் சொல்லணும்.) 1950-ல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் ஒரு கமிட்டி ஆராய்ந்தது. இருக்கிற போக்குவரத்துக்குக் கம்பெனிகள் அதிகம் என்றுதான் அதுவும் சொன்னது.

முடிவில் 1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி எல்லா விமானக் கம்பெனிகளையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. டெக்கான், பாரத், கலிங்கா, ஹிமாலயன் என்று நொண்டிக்கொண்டிருந்தவற்றோடு ஜே.ஆர்.டி. வளர்த்த ஏர் இந்தியாவும் போனது. எட்டும் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ். 1948-ல் அரசாங்கத்தோடு கூட்டாக லண்டனுக்கு விமானம் விட அவர் தொடங்கிய ஏர் இந்தியா இண்டர்நேஷனல் தனி நிறுவனம். அப்படித் தனியாக வைக்கச் சொன்னதும் அவர்தான். அரசாங்கம் எடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்தத் தொழிலை இங்கே உண்டாக்கிய ஆளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கலந்து பேசவில்லை. முடிவு செய்துவிட்டு நஷ்ட ஈடு பற்றி மட்டும் கேட்டார்கள். அதில் அவருக்கு ரொம்ப மனக்கஷ்டம்.

அப்படியும் நேரு கேட்டுக்கொண்டபடி வெளிநாட்டு சேவைக்குத் தலைவராக இருக்கச் சம்மதித்தார். சம்பளம் வாங்காமல் 25 வருஷம்! விமானத்தில் போகும்போதெல்லாம் கையில் ஒரு குறிப்பு நோட்டு. திரைச்சீலை அழுக்கு, டீ நிறம் சரியில்லை, பாத்ரூம் சுத்தமில்லை என்று குறித்துக்கொண்டு வந்து அதிகாரிகளுக்கு அனுப்புவார். நம்ம ஹெச்.எம். சார் ரவுண்ட்ஸ் வருகிற மாதிரிதான்! பலன் இல்லாமல் போகவில்லை. 1960-ல் போயிங் 707 வந்தது, அதே வருஷம் நியூயார்க்குக்குப் பறந்தது. 1962-ல் ஜெட் விமானங்கள் மட்டுமே வைத்திருக்கும் உலகின் முதல் விமானக் கம்பெனி என்ற பெயரும் கிடைத்தது.

1978 ஜனவரி 1 அன்று ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ ஜெட்டான எம்பரர் அசோகா பம்பாயிலிருந்து கிளம்பியதும் கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் மொரார்ஜி தேசாய் அரசாங்கம் ஜே.ஆர்.டி.யைப் பதவியிலிருந்து நீக்கியது. விஷயத்தை அரசாங்கம் நேராக அவரிடம் சொல்லக்கூட இல்லை. அவர் இடத்துக்கு வரப்போகிற பி.சி. லால் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. 45 வருஷ உழைப்பு! இந்திரா காந்தி அப்போ பதவியில் இல்லை, தன் கையாலேயே ஆறுதல் கடிதம் எழுதி அனுப்பினார். 1980-ல் மறுபடி பிரதமரானதும் இவரை நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

1982 அக்டோபர் 15. முதல் பயணத்துக்கு 50 வருஷம். கராச்சியிலிருந்து பம்பாய்க்கு 1930-கள் காலத்துக் குட்டி விமானம் ஒன்றை ஜே.ஆர்.டி. மறுபடி ஓட்டி வந்தார். அப்போ அவருக்கு வயசு 78!

1992-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார், பிறந்த ஊரான பாரிஸிலேயே அடக்கம் செய்தார்கள். 2007-ல் அரசாங்கம் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கியது. நஷ்டம் மேலே மேலே ஏறி, கடைசியில் விற்பனைக்கு வைத்தார்கள். 18,000 கோடி ரூபாய்க்குக் கேட்டு வாங்கியது டாடா குழுமம். அதில் 15,300 கோடி பழைய கடனை ஏற்றுக்கொள்வது, மீதி 2,700 கோடிதான் ரொக்கம். 2022 ஜனவரி 27-ஆம் தேதி கம்பெனி கைமாறியது.