பிரான்செஸ் பெர்க்கின்ஸ் அம்மையார்

தொழிலாளர்க்கும் முதலாளிகட்கும் உள்ள தொடர்பினைச் சர்வகலாசாலைகளில் ஒரு தனிப்பாடமாகக் கற்பிக்கும் வழக்கம் சென்ற நூற்றாண்டிலேதான் வேரூன்றியது. அப்பாடம் எவ்வாறு கற்கப்பட வேண்டும் என்பதைத் தம் வாழ்க்கையாலேயே விளக்கியவர் அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பிரான்செஸ் பெர்க்கின்ஸ் அம்மையார்.

இவர் 1880-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பாஸ்டன் நகரிற் பிறந்தார். மவுண்ட் ஹோலியோக் மகளிர் கலாசாலையில் இவர் எடுத்துக்கொண்ட சிறப்புப்பாடம் பௌதிக சாஸ்திரம். எனினும், அங்குக் கேட்ட பொருளாதார வரலாற்று விரிவுரைகளே இவரது வாழ்வின் போக்கை மாற்றின. அவ்வகுப்பின் ஆசிரியை தம் மாணவிகளை அண்மையிலிருந்த ஆலைகளுக்கு அனுப்பி, அங்கு உழைப்போரின் நிலையை நேரிற் கண்டுவரச் செய்தார். வறுமைக்குக் காரணம் சோம்பலும் குடியுமே என்று இளமையிற் கேட்டிருந்த பெர்க்கின்ஸ், ஓயாது உழைப்பவரும் ஒரே விபத்தினால் வறியராகக்கூடும் என்பதை அங்கே உணர்ந்தார்.

1902-இல் பட்டம் பெற்றபின் சில காலம் ஆசிரியையாக இருந்தார். ஓய்வு வேளைகளிற் சிக்காகோ நகரத்து ஹல் இல்லத்தில் ஏழைகட்குத் தொண்டு செய்தார். பின்னர்க் கொலம்பியா சர்வகலாசாலையிற் பயின்று, 1910-இல் எம். ஏ. பட்டம் பெற்றார். போதிய உணவின்றி வாடிய பள்ளிச் சிறுவரின் நிலையே அவர் ஆராய்ந்த பொருள்.

1911-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நியூயார்க்கு நகரில் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. கதவொன்று பூட்டப்பட்டிருந்தமையால் வெளியேற வகையின்றிப் பலர் மேல்மாடிச் சன்னல்களினின்று குதித்து மாண்டனர். இறந்தோர் 146 பேர். அவருட் பெரும்பாலார் இளம்பெண்கள். அருகில் ஒரு வீட்டிலிருந்த அம்மையார் ஓடிவந்து இக்கொடுமையைக் கண்ணாரக் கண்டார்.

இதன்பின் தொழிற்சாலைகளை ஆராய அமைந்த குழுவில் அம்மையார் பணியாற்றினார். தம் ஆசிரியை மாணவிகட்குச் செய்ததை இவர் சட்டசபையினர்க்குச் செய்தார். அவர்களை ஆலைகளுக்கு அழைத்துச் சென்றார். உவாக்னர் என்னும் சட்டசபை உறுப்பினர், தீயினின்று தப்பும் வழியென்று சுவரிலே விடப்பட்டிருந்த சிறுதுளையில் தாமே நுழைந்து, பனி உறைந்த ஏணியைக் காணும்படி செய்தார். கண்டவர் சட்டம் இயற்றினர்.

1929-இல் நியூயார்க்கு மாகாணத் தொழிற் கமிஷனராகவும், 1933-இல் ரூஸ்வெல்டின் ஆட்சியில் தொழில் மந்திரியாகவும் அமர்ந்தார். அமெரிக்க மந்திரிசபையில் இடம்பெற்ற முதற் பெண்மணி இவரே. முதியோர்க்கும் வேலையிழந்தோர்க்கும் உதவும் சமூகக் காப்புச் சட்டம் 1935-இல் நிறைவேறியதற்கு இவரது உழைப்பு பெருங்காரணமாகும். 1938-ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 25 சதமெனக் குறைந்த கூலியை வரையறுத்தது. தொழிற்சாலைகளிற் சிறுவர் உழைப்பையும் தடுத்தது. ஆயினும், 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் வயல்களில் உழைத்தோர்க்கும் வீட்டு வேலை செய்தோர்க்கும் அப்போது எட்டவில்லை. எளியோருள்ளும் எளியோர் புறத்தே நின்றது அச்சட்டத்தின் பெருங்குறை.

1945-இல் மந்திரி பதவியினின்று விலகினார். அவ்வாண்டிலேயே கார்னல் சர்வகலாசாலையில் தொழில் உறவுகளைக் கற்பிக்கும் கலாசாலை தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் அம்மையார் அங்கே விரிவுரையாளராயினார். எண்பது வயதில், மாணவர் வேண்டுகோட்கிணங்கி அவர்தம் விடுதியிலேயே குடியேறினார். 1965-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் உயிர் துறக்கும்வரை கற்பித்தலை அவர் கைவிடவில்லை.

மாணவ நண்பர்காள்! தொழிற்சட்டங்கள் பல, உயிர்கள் மாண்டபின்னரே எழுதப்பட்டன. மாள்வதற்கு முன்னரே தீமையைக் கண்டுணர்த்துவதே இப்பாடத்தைக் கற்பதன் பயன். நூலகத்திற் பயில்வோம், ஆலைவாயிலையும் நாடிச் செல்வோம். அவ்விரண்டும் கூடியவிடத்தே கல்வி நிறைவுறும்.